நுனியைக் கீழே வைத்த தூண்

ஆணி விழுந்த சத்தம் கேட்கவில்லை.

பஹரோம் சுத்தியலை ஓங்கியபடியே காதைக் கொடுத்துக் காத்திருந்தான். மரக்கால்கள் மேல் உயர்த்திக் கட்டிய வீட்டில் பலகை இடுக்கு வழியே எது நழுவினாலும் கீழே மணலுக்குத்தான் போகும். சில்லறை, பென்சில், மனைவி ரொக்கியாவின் கொண்டை ஊசி எல்லாம் அப்படிப் போனவைதான். டப்பென்று ஒரு சின்னச் சத்தம் வரும், பொழுது சாய்வதற்குள் இறங்கிப் போய்ப் பொறுக்கிக்கொள்ளலாம். இந்த ஆணி நழுவியது, இடுக்கில் கீறிக்கொண்டு இறங்கியது, அதோடு சரி. கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்துக்குக் காத்திருப்பவன் மாதிரி அவன் குந்தியிருந்தான்.

கடைசியில் இறங்கிப் போய்ப் பார்த்தான். காலையில் கூட்டிய மணல் துடைப்பக் கோடு கலையாமல் கிடந்தது. ஆணி இல்லை. கோழிகளும் இல்லை. மழைக்காலத்தில் அடித்து விரட்டினாலும் வீட்டடியை விட்டு நகராத சனியன்கள், இப்போது ரம்புத்தான் மரத்தில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. நடுவில் புதுத் தூண் மட்டும் கறுப்பாக, நெட்டுக்குத்தாக நின்றது.

"எங்கயாச்சும் உருண்டிருக்கும்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான். மணலில் ஆணி உருளாது என்பது அவனுக்கே தெரியும்.

நடுத்தூணின் கீழ்ப்பாதியைக் கரையான் தின்று, கூடத்தில் நடந்தால் தொட்டில் மாதிரி ஆட ஆரம்பித்தபோது ரொக்கியாவுக்கு வயிறு முற்றியிருந்தது. இதற்கு முன் தரித்ததெல்லாம் தங்காமல் போனவள். "புள்ள பொறக்கறதுக்குள்ள இந்த வீடு ஆடாம நிக்கணும் அபாங். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்று புருஷனிடம் கேட்டாள். அந்தக் கேட்பில் இருந்த பயம் அவனுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஆள் வைத்துச் செய்தால் அவன் பஹரோம் இல்லையே. தண்ணீர்ப் பம்பிலிருந்து கூரைத் தகரம் வரை தன் கையாலேயே பிரித்து, தன் கையாலேயே மாட்டி, மாட்டிய பின் மீந்த திருகாணியைச் சட்டைப் பையில் ஒளித்துக்கொள்கிற ரகம். ஆற்றின் கீழ்க்கரையில் இடித்துப்போட்ட பழைய வீட்டிலிருந்து செங்கால் என்கிற வன்மரத் துண்டு ஒன்றைப் பேசி எடுத்துவந்தான். ஆள் உயரம், இரும்புக் கனம், ஒரு முனையில் மட்டும் கொஞ்சம் சொத்தை.

எது அடி, எது நுனி என்று பார்க்கக் கம்பத்து ஊர்க்காரர்கள் எல்லாரும் செய்வதுதான்: துண்டை நடுவில் கயிறு கட்டித் தூக்கினால், கனத்துச் சாய்கிற பக்கம் வேர்ப் பக்கம். அது மண்ணைப் பார்த்து நிற்க வேண்டும். காட்டில் எப்படி வளர்ந்ததோ அப்படியே வீட்டிலும் மரம் நிற்க வேண்டும். அவனும் மச்சினன் ஜைலானியும் கட்டித் தூக்கினார்கள். சொத்தைப் பக்கம்தான் சாய்ந்தது.

"போச்சுடா. அடிப்பக்கமே சொத்த. வேற மரம் பாருங்க மச்சான்" என்றான் ஜைலானி.

"சொத்தைய மண்ணுகிட்ட வச்சா கரையான் மறுபடி விருந்துக்கு வந்துரும். திருப்பி வச்சுக்கலாம்."

"தலைகீழாவா? பைத்தியமா உங்களுக்கு?"

"செத்த மரம்டா. அதுக்கு ஏது தல, ஏது காலு? உங்க அக்காகிட்ட மட்டும் வாயத் தொறந்த, ஒன்னையும் பக்கத்துல தலைகீழா நட்டுருவேன்."

ஜைலானி சிரிக்கவில்லை. இரும்புப் பட்டையை மாட்டி, போல்ட்டை முடுக்கி, ஜாக்கியை இறக்கும் வரை அவன் உதடு எதையோ ஓதிக்கொண்டே இருந்தது. பஹரோம் கையைக் கழுவிக்கொண்டு மேலே ஏறியதும் ரொக்கியா கேட்ட முதல் கேள்வி, "அடிதானே கீழ இருக்கு?"

"அடிதான். சத்தியமா" என்றான்.

அன்றிலிருந்து கூடம் ஆடவில்லை. அதைவிட அதிசயம், அவள் நச்சரிப்பும் நின்றுபோனது. ஜன்னலோரம் உட்கார்ந்து கூந்தலைச் சீவிக்கொண்டே இருப்பாள். படி இறங்குவதில்லை, வயிறு கனக்கிறதாம். படியடியில், கால் கழுவுகிற ஜாடிக்குப் பக்கத்தில், அவள் செருப்பு கழற்றிப்போட்ட இடத்திலேயே கிடந்தது, அதில் சிலந்தி வலை கட்டிவிட்டது. அவளுக்குச் சுண்டுவிரல் இரண்டும் தரையில் படாது. மணலில் நடந்தால் நாலு விரல்தான் பதியும். "நாலு விரல் கோழி" என்று அவன் கேலி செய்வான், அவள் அகப்பையை எறிவாள். இப்போது அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பிள்ளை வரப்போகிற நேரம், மனசு அடங்கிவிட்டது போலும் என்று அவன் சந்தோஷப்பட்டான்.

ஆணி தொலைந்த அன்று மத்தியானம் மழை தகரக் கூரையில் கொட்டித் தீர்த்தது. வேலையைப் போட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தான். கண் செருகும் நேரத்தில், மழைச் சத்தத்துக்கு அடியிலிருந்து, அவன் கன்னத்துக்கு நேர் கீழே, பலகையை யாரோ விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினார்கள்.

புரண்டு படுத்தான். தட்டலும் பக்கத்துப் பலகைக்கு நகர்ந்து வந்தது. பாயைச் சுவரோரம் இழுத்துப் போட்டான், அங்கேயும் வந்தது. பிறகு நகத்தால் பிராண்டுகிற சத்தம், பிறகு ஒரு மூச்சு. இடுக்கு வழியே வெதுவெதுப்பாக அவன் காதில் பட்டது. அதோடு ஒரு வாசனை, எலுமிச்சைப்புல் எண்ணெய். இடுப்பு வலிக்கு ரொக்கியா தேய்த்துக்கொள்கிற அதே எண்ணெய்.

"கீழ என்னமோ இருக்கு" என்றான்.

"எலியா இருக்கும். தூங்குங்க அபாங்." ஜன்னலிலிருந்து அவள் திரும்பாமலே சொன்னாள்.

அவன் எழுந்து அவளருகே போய் உட்கார்ந்தான். தோளில் முகம் வைத்துப் பார்த்தான். எண்ணெய் வாசனை இல்லை. மழையில் ஊறிய பழைய பலகை மாதிரி ஒரு நெடி. வீடே அப்படித்தான் நாறுகிறது இந்தப் பாழாய்ப்போன மழையில், என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

மறுநாள் மழை விட்ட நேரத்தில் கிளினிக்கிலிருந்து நர்ஸ், மிஸி நொராய்னி, மோட்டார் சைக்கிளில் வந்தாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், மறுபடி தொட்டாள், நெற்றியைச் சுருக்கினாள். பஹரோமை மட்டும் வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"போன தடவ தல நல்லா கீழ எறங்கி நின்னுச்சு. இப்ப தல மேல, காலு கீழ. இவ்ளோ முத்துன வயித்துல புள்ள இப்படித் திரும்பி நான் பாத்ததில்ல. நாளைக்கு விடிஞ்சதும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துருங்க. இங்கயே வலி எடுத்துச்சுன்னா தாயும் பொழைக்காது, புள்ளையும் பொழைக்காது."

படியிறங்கிச் செருப்பை மாட்டும்போது இன்னொன்றும் கேட்டாள். "ஒடம்பு ஏன் இவ்ளோ சில்லுனு இருக்கு அவங்களுக்கு?"

தல மேல, காலு கீழ. மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகும் அவன் படியிலேயே நின்றான். சத்தியம் செய்த வாய் கசந்தது. இந்தப் பேச்சையெல்லாம் கேலி செய்து திரிந்தவன்தான். ஆனால் போன குழந்தைகளை வெள்ளைத் துணியில் சுற்றித் தூக்கிப்போனதும் அவன் கைதான். இன்னொன்றை அந்தக் கை தாங்காது.

உள்ளே போனான். "தூணக் கொஞ்சம் திருப்பி வைக்கணும். நீ ஜைலானி வீட்டுல போய் இரு, நான் கொண்டு விடறேன்."

சீப்பு நின்றது. "வேணாம் அபாங். இப்பதான் நல்லாருக்கு."

"என்ன நல்லாருக்கு?"

"வீடு."

தூணை ஏன் திருப்ப வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. எத்தனை கெஞ்சியும் இடத்தை விட்டு அசையவும் இல்லை. அடிதானே கீழ என்று அன்றைக்கு முதல் வேலையாகக் கேட்டவள் இவள்தானா என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பை அவன் சட்டென்று உதறினான்.

மாலைத் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு கேட்க இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. வானம் மறுபடி மூடிக்கொண்டு வந்தது. அரிக்கேன் விளக்கு, ஜாக்கி, கடப்பாரை, ஸ்பேனர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வீட்டடியில் நுழைந்தான். உள்ளே ஈர மணலும் பழைய தேங்காய்மட்டைப் புகையும் கலந்த நெடி. எங்கோ தகரத்திலிருந்து நீர் சொட்டும் ஓசை. விளக்கு அசைய அசைய ஒவ்வொரு காலின் நிழலும் நீண்டு, ஒன்றையொன்று கடந்து, மறுபடி தன் இடத்துக்குத் திரும்பியது. மேலே அவள் நடக்க ஆரம்பித்தாள். அவன் நின்றால் நின்றாள், நகர்ந்தால் நகர்ந்தாள்.

கொசுவுக்குப் போட்ட புகையில் தரைப்பலகைகளின் அடிப்புறம் கரியேறிக் கிடக்கும். விளக்கைத் தூக்கிப் பார்த்தான்.

கரியில் காலடிகள்.

கூரையில் பல்லி நடந்த மாதிரி, பலகையின் அடிப்புறத்தில், வெறுங்கால் தடங்கள். அடுப்படியிலிருந்து கூடத்துக்கு. கூடத்திலிருந்து வாசலுக்கு. வாசலில் தடுமாறி, திரும்பி, மறுபடி கூடத்துக்கு. அவன் பாய் விரிக்கிற இடத்துக்குக் கீழே மட்டும் கரியே இல்லை. முழங்கால் தடமும் உள்ளங்கைத் தடமுமாகத் தேய்ந்து வெளுத்திருந்தது.

ஒவ்வொரு பாதத்திலும் நாலு விரல்.

"ரொக்கியா?" என்றான்.

"ம்?" என்றது மேலிருந்து. "முடிஞ்சுதா?"

ஜாக்கியை உத்தரத்தில் கொடுத்தான். ஏற்றினான். வீடு முனகியது. போல்ட்டைக் கழற்றும்போது ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டியில் தோல் பெயர்ந்தது, வலிக்கவில்லை.

"வேணாம் அபாங்."

கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். தூண் அடிக்கல்லை விட்டு நழுவி மணலில் சாய்ந்தது.

"வேணாம்னு சொல்றேன்ல."

நேர் தலைக்கு மேல். பலகையில் வாய் வைத்துப் பேசுகிற குரல். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. தூணைப் புரட்டினான். தோளைக் கொடுத்தான். தூக்கினான். சொத்தை கீழே. நுனி மேலே. யா அல்லா. யா அல்லா. கல்லில் உட்கார்ந்தது. பட்டை. போல்ட். ஜாக்கியை இறக்கினான்.

உத்தரம் தூணில் அமர்ந்தது.

டப்.

மணலில் ஓர் ஆணி. எங்கிருந்து விழுந்தது என்று தெரியவில்லை, காற்றிலிருந்து விழுந்தது. டப், இன்னொரு ஆணி. பென்சில். ஒரு கொண்டை ஊசி. தொலைந்ததெல்லாம் ஒவ்வொன்றாக விழுந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. எல்லாம் நேராகிவிட்டது, பிள்ளையும் திரும்பியிருக்கும், அல்ஹம்துலில்லாஹ்.

தொம்.

கனமாக. அவனுக்குப் பின்னால்.

எலுமிச்சைப்புல் எண்ணெய் வாசனை.

வயிற்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, ஒருக்களித்து, மணலில் ரொக்கியா கிடந்தாள். உடம்பெல்லாம் கரி. உதடு காய்ந்து வெடித்திருந்தது. விரல் முட்டிகளில் தோல் இல்லை.

"தட்டித் தட்டிக் கையே போச்சு அபாங்" என்றாள். காற்று மட்டும் மிஞ்சிய குரல். "ஒங்க தலமாட்டுலயேதான் இருந்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். நீங்க... அதுகிட்டப் போய் ஒக்காந்துக்கிட்டீங்க."

அவன் விழுந்து அவள் வயிற்றில் கை வைத்தான். வெதுவெதுப்பு. அடிவயிற்றில், கீழே, இருக்க வேண்டிய இடத்தில், உருண்டையாக ஒரு தலை. மேலே விலாப்பக்கம் ஒரு சின்னக் கால் உதைத்தது. உயிரோடு இருந்தது. அவன் பிள்ளை உயிரோடு இருந்தது.

மேலே நடை நின்றது.

"அபாங்."

அதே குரல். வெடிக்காத, ஈரமான, செல்லமான குரல்.

"யாரு கூடப் பேசிக்கிட்டிருக்கீங்க?"

ரொக்கியாவின் கரிக்கை அவன் வாயைப் பொத்தியது. தோலில்லாத முட்டிகள் அவன் பல்லில் இடித்தன.

வாசல் கதவு திறந்தது. மேல்படி கிரீச்சிட்டது.

விளக்கு வெளிச்சம் படி வரை எட்டியது. மேல்படியில் காலுக்காக அவன் பார்த்துக்கொண்டிருந்தான். கால் வரவில்லை. சீவி முடித்த கூந்தல் வந்தது. ஒரு படி. இன்னொரு படி. அவசரமில்லாமல் வழிந்து வழிந்து, கீழ்ப்படியைத் தாண்டி, சிலந்தி வலை கட்டிய செருப்பின் மேல் சுருண்டு விழுந்தது.

அதன் பின்னால் தலைகீழாக, நெற்றி.