எதிர் முக்காலி

சாம்பல் புதனன்று அந்தி சாய்ந்தபின், வத்தல்மலை அடிவாரத்துத் தகரக் கொட்டகையில் மூன்று பேர் இருந்தார்கள். வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தைத் தாளில் கிறுக்கிக்கொண்டே போகும் பேனாவுக்கு முன்னால், சுவரைப் பார்த்த முக்காலியில் செபாஸ்டின். அவன் முதுகுக்குப் பின்னால், கூரையை இழுத்துத் திறக்கும் கயிற்றடியில் சாக்கு விரித்துக் காவல்காரப் பெரியண்ணன். வாசற்படியில், சோற்றுப் போசியை மடியில் வைத்துக்கொண்டு செபாஸ்டினின் மனைவி ராஜமேரி. செபாஸ்டினுக்கு எதிரே யாரும் இல்லை.

காலையில் கோயிலில் சாமியார் அவன் நெற்றி நடுவில் பூசிய சாம்பல் இடது நெற்றிப்பொட்டுக்கு நகர்ந்திருந்ததை ராஜமேரிதான் முதலில் கண்டாள்.

"தொடச்சிட்டீங்களா?"

"கையே வெக்கலியே."

"எங்க துண்ணூறுதான் வேர்வைக்கு ஓடும்னு நெனச்சேன்," என்றான் பெரியண்ணன். "வேதக்காரங்க சாம்பலும் அப்படித்தானா?"

சாம்பல் தானாக உதிரும்வரை கழுவக்கூடாது என்பது ராஜமேரியின் பிறந்த வீட்டுப் பழக்கம். ஈரத்துணியைக் கையில் எடுத்தவள் கீழே வைத்துவிட்டாள். அன்று ஒருமுறை துடைத்துப் பார்த்திருந்தால் அது சாம்பல் இல்லை என்பது தெரிந்திருக்கும்.

பட்டணத்து ஆராய்ச்சிக்காரர்கள் அந்தக் கொட்டகையில் ஒரு தொலைநோக்கியை நிறுத்திவிட்டு, எண்பத்து நாலாம் வருஷக் கோடை முழுக்க ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பார்க்கச் செபாஸ்டினைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். தினமும் அதைக் கண்ணால் தேடிப்பிடித்து, ஊசித்துளையின் நடுவில் நிறுத்திவிட்டு, பேனாவை ஓடவிடுவான்.

"அப்படி என்னதான் இருக்குது அதுல?" என்று பெரியண்ணன் கேட்டான்.

"சூரியனை விடப் பல மடங்கு பெருத்த கிழ நட்சத்திரம். கிழமானா மெதுவாத்தான சுத்தணும்? இது பம்பரமாட்டம் சுத்துது. நம்ம சூரியன் ஒரு சுத்து வர ஒரு மாசம் கிட்ட ஆவும். இதுக்கு ரெண்டரை நாளு. உடம்புல பெரிய கரும்புள்ளி இருக்குது. அது நம்ம பக்கம் திரும்புனா பேனா எறங்கும். சில நேரம் புள்ளிகிட்டயிருந்து நெருப்பு பீச்சும். அப்ப பேனா துள்ளும்."

"யாரை எரிக்கும்?"

"எதிர்ல எது இருக்குதோ, அதை."

மறுநாள் அந்தக் கறை காதோரம் போய் முடிக்குள் மறைந்தது. உதிர்ந்துவிட்டது என்று ராஜமேரி நினைத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது வலது காதுக்குப் பின்னாலிருந்து வந்தது. வெற்றிலை அகலம் இருந்தது. அவன் சட்டை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனான். கொட்டகையை ஒட்டியிருந்த வீட்டு அடுப்படியில் அவள் களி கிண்டிக்கொண்டிருந்தாள், பானையின் கொதிப்புக்கும் பல்லியின் சத்தத்துக்கும் நடுவே பேனா தாளில் உரசும் சத்தம் எப்போதும்போல் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு அந்த உரசல் சரசரவென்று மேலேறியது, அதற்கு மேல் செபாஸ்டினின் அலறல்.

அவள் ஓடினாள். முடி கருகிய நாற்றம். எதிர்ச்சுவரில் ஒரு கருகல்கூட இல்லை. அவன் கன்னத்தில் தோல் சுருண்டிருந்தது, புருவம் போயிருந்தது.

"பேனா ஓட்டுற பேட்டரி பொறி," என்றான்.

திங்கட்கிழமை காலை அது மறுபடி முகத்துக்கு வந்தது. பேனா இல்லை, பேட்டரி இல்லை, இரவுகூட இல்லை. வெயிலில், வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தவனின் மேலுதடு வெந்தது. அவள் வேப்பெண்ணெய் தடவினாள். "எதிர்ல ஆளில்லன்னா எம்மேலயே திரும்புது மேரி," என்று அழுதான். அன்று முழுக்க அவன் அழுகை நிற்கவில்லை. அழும்போது கன்னத்துப் புண் பிளந்தது.

புதன்கிழமை இருட்டியபின் மூவரும் கொட்டகையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். செபாஸ்டின் சுவரைப் பார்த்து இருந்தவன் திரும்பினான். பெரியண்ணன் இன்னொரு முக்காலியை இழுத்து அவனுக்கு எதிரே போட்டுக்கொண்டான்.

"மூஞ்சி என்னங்க பாதி ராத்திரியாட்டம் ஆயிருச்சு?"

கறை நெற்றியைத் தாண்டி மூக்குவரை இறங்கியிருந்தது. அதற்குள்ளே கண்கள் மட்டும் ஈரமாக மின்னின. பேனா இறங்கிக்கொண்டே போனது. ராஜமேரிக்குப் புரிந்துவிட்டது. "பெரியண்ணா, இப்படி வந்து உக்காருங்க" என்ற சொல் தொண்டை வரை வந்தது.

அவள் அதை விழுங்கினாள்.

பேனா துள்ளியது.

வெளிச்சம் இல்லை. சூடு மட்டும். பெரியண்ணனின் கையில் சோற்று உருண்டை அப்படியே இருந்தது. கைக்கு மேலே இருந்தது முகம் இல்லை. அவன் கத்தவும் இல்லை. கத்த வாய் இல்லை.

செபாஸ்டின் நிமிர்ந்தான். நெற்றி துடைத்த தட்டுப்போல் இருந்தது. கன்னத்துப் புண்ணைக் காணோம். புருவம்கூட இருந்தது.

"என்னாச்சு இவனுக்கு?" என்றான். "கரண்டா?"

கரண்டுதான் என்று ராஜமேரி எல்லாரிடமும் சொன்னாள். தர்மபுரி போகும் வழியிலேயே பெரியண்ணன் உயிர் போயிற்று. அன்றிரவு செபாஸ்டின் இரண்டு தட்டுச் சோறு தின்றான், பழைய சிரிப்புச் சிரித்தான், அவள் தலையைத் தடவிக்கொண்டே தூங்கிப்போனான். அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டு அவள் படுத்திருந்தாள். இந்த மூச்சு போதும் என்று இருந்தது.

விடிந்தது. அவன் இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஒரு கடுகு.

அவளே எதிரில் உட்காரலாம். அந்த நினைப்பும் வந்தது. வந்த வேகத்தில் போயிற்று.

பாப்பாரப்பட்டியில் இருக்கும் அவள் தம்பி சின்னப்பன் ஒரு வருஷமாக வேலை கேட்டுக்கொண்டிருந்தான். இன்லண்டு கடுதாசியை எடுத்து, திண்டில் வைத்து, அழகாக எழுதினாள். சேமம். மாமாவுக்குத் துணைக்கு ஆள் தேவை. உட்கார்ந்த இடத்து வேலைதான். உடனே புறப்பட்டு வா.

மடிக்கப்போனாள்.

"எடம் மிச்சமிருக்குதா?" கட்டிலிலிருந்து செபாஸ்டின் கேட்டான். முகம் மேல்கூரையைப் பார்த்திருந்தது. கடுகு இப்போது காலணா அளவு.

"இருக்குது."

"பொண்டாட்டி புள்ளையையும் கூட்டியாரச் சொல்லு. ஒரு ஆளு ஒரு சுத்துக்குத்தான் ஆவும்."

அவள் அவனைப் பார்த்தாள். கரண்டா என்று கேட்ட அதே முகம். எல்லாம் தெரிந்த முகம்.

பேனாவை எடுத்தாள். அந்த வரியையும் எழுதினாள். மூன்று சோற்றுப் பருக்கையை நசுக்கி ஓரங்களை ஒட்டி, காயும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள்.

தபால்காரர் குப்புராஜ் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். "தம்பிக்கா ஆத்தா? பெரியண்ணன் எடத்துக்கு வர்றானா?"

"ஆமாங்க. அதே எடத்துக்குத்தான்."

அவர் கடுதாசியைப் பையில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினார். மணிச்சத்தம் புளியமரங்களுக்குப் பின்னால் தேய்ந்தது. அவளுக்குப் பின்னால், கொட்டகைக்குள், சிமெண்டுத் தரையில் முக்காலி இழுபடும் சத்தம். ஒன்று. பிறகு இன்னொன்று.

பிறகு, இலேசாக, ஒரு சின்னது.