மேனேஜருக்கு ஒரு மதில்

மிளகு என்ற சிறுமியின் வீட்டு ஆமைக்குப் பெயர் மேனேஜர்.

தினமும் காலையில் அவர் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றி வருவார். ஒவ்வொரு செடியின் முன்னாலும் நின்று, கழுத்தை நீட்டி, 'என்னப்பா, இன்னும் முடியலையா?' என்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார். பிறகு அடுத்த செடிக்குப் போய்விடுவார். தான் மட்டும் ஒரு வேலையும் செய்ய மாட்டார். பெயருக்குக் காரணம் புரிகிறதா?

ஆமை என்றதும் உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சுகிற சின்ன ஆமை என்று நினைத்துவிடாதீர்கள். இவர் நாற்பது கிலோ! ஓட்டின் மேல் டீ டம்ளரை வைத்தால் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் தோட்டத்தின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். மிளகு செய்து பார்த்திருக்கிறாள். அதற்காக அம்மாவிடம் நன்றாக வாங்கியும் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

மிளகுக்கு ஒன்பது வயது. ஆள் சின்னது, பேச்சு காரம். மேனேஜர் என்றால் அவளுக்கு உயிர்.

ஆனால் மேனேஜருக்கு உயிர் பக்கத்து வீட்டுப் பூசணிக் கொடி. தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டில் ஒரு பல் டாக்டர் இருந்தார். குள்ளமான உருவம், உச்சியில் கொண்டை, கணீரென்ற குரல். ஒரு வியாழக்கிழமை மாலை அந்தக் குரல் மிளகு வீட்டு வாசலில் கேட்டது.

"முப்பது வருஷமா பல்லைப் பார்த்துட்டு இருக்கேன். கடைசியில பல்லே இல்லாத ஒருத்தன்கிட்ட வந்து மாட்டிக்கிட்டேனே! ஆறு பூசணி காய்ச்சுது. அஞ்சைத் தின்னுட்டான்!"

"மன்னிச்சிடுங்க டாக்டர்" என்றார் அப்பா. "நானும் மூணு தடவை வேலி போட்டுட்டேன்."

போட்டது உண்மைதான். அப்பாவுக்கு வெல்டிங் பட்டறை. இரும்பால் தீராத பிரச்சினை இந்த உலகத்தில் கிடையாது என்பது அவர் நம்பிக்கை. வீட்டில் நாற்காலி ஆடினாலும், ஷூவில் கயிறு அறுந்தாலும், "இரு, ஒரு கம்பி வச்சுப் பத்த வச்சிடலாம்" என்பார்.

முதலில் கம்பி வலை கட்டினார். மேனேஜர் அதைத் திரைச்சீலை மாதிரி விலக்கிக்கொண்டு போனார். அடுத்து இரும்புக் கம்பிகளை வரிசையாகப் பற்றவைத்து ஒரு கிராதி செய்தார். மேனேஜர் அதன் அடியில் முதுகைக் கொடுத்து அப்படியே தூக்கிவிட்டார். மூன்றாவதாக, கட்டைவிரல் பருமன் கம்பி, சிமென்ட் போட்டு நிறுத்திய தூண்கள். "இனி யானை வந்தாலும் அசைக்க முடியாது" என்று அப்பா மீசையை முறுக்கினார்.

யானை வந்திருந்தால் அசைத்திருக்காதுதான். மேனேஜர் அசைக்கவே இல்லை. கீழே பள்ளம் தோண்டிக்கொண்டு போய்விட்டார்.

"இன்னும் ஒரே ஒரு பூசணிதான் மிச்சம்" என்றார் டாக்டர். "அதுக்கும் ஏதாவது ஆச்சுன்னா நான் உங்ககிட்ட வந்து பேச மாட்டேன். விலங்குப் பண்ணைக்குத்தான் போன் போட்டு, அவனைக் கொண்டுபோகச் சொல்வேன்."

அதே நேரம் அம்மா வேலை முடிந்து உள்ளே வந்தார். அம்மா பஸ் ஓட்டுநர். நேரம் என்றால் நேரம், பேச்சு என்றால் பேச்சு.

"நீங்க சொல்றது நியாயம் டாக்டர். ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் கொடுங்க. அன்னைக்கு காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அவன் வேலியைத் தாண்டாம இருந்தா இங்க இருக்கட்டும். தாண்டினா, பண்ணைக்கு நானே கொண்டுபோய் விட்டுடறேன்."

"அம்மா!" என்று கத்தினாள் மிளகு.

"என்னை என்னடி பண்ணச் சொல்ற? அடுத்தவங்க தோட்டம் இல்லையா?"

பண்ணை ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தது. அங்கே விட்டால் வருடத்துக்கு ஒரு முறை பார்த்தாலே அதிகம். அன்று மிளகுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் அவள் நேராகத் தோட்டத்துக்குப் போனாள். தோண்டிய பள்ளத்தை அப்பா கல் போட்டு மூடியிருந்ததால், மேனேஜர் கிராதியில் மூக்கை வைத்து முட்டிக்கொண்டிருந்தார். டொக். டொக். டொக்.

"உனக்கு இங்க என்ன குறை?" என்று கேட்டாள் மிளகு. "புல் இருக்கு. தண்ணி இருக்கு. நான் இருக்கேன்."

டொக்.

அவளுக்கு அழுகை வந்தது. மேனேஜர் பக்கத்திலேயே புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் ஒன்றைக் கவனித்தாள். தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தால், இரண்டு கம்பிகளுக்கு நடுவே அந்தப் பூசணிதான் தெரிந்தது! மஞ்சளாக, உருண்டையாக, 'வா, வா' என்று கூப்பிடுவதுபோல.

"அடப்பாவமே! நாள் முழுக்க இதைப் பார்த்துட்டுதான் நிக்கிறியா?"

அப்போது காற்று வீசியது. கிராதியின் மேல் அம்மா காயப்போட்டிருந்த போர்வை நழுவி அவர்கள் முன்னால் தொங்கியது. பூசணி மறைந்தது.

டொக் நின்றது.

மேனேஜர் போர்வையைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு திரும்பி, ஒன்றுமே நடக்காததுபோலப் புல் மேயப் போய்விட்டார்.

மிளகு எழுந்து உட்கார்ந்தாள். மெதுவாகப் போர்வையைத் தூக்கினாள். மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். டொக். போர்வையை இறக்கினாள். மேனேஜர் போய்விட்டார். தூக்கினாள், வந்தார். இறக்கினாள், போனார்.

"அப்பா! அப்பா! ஓடி வாங்க!"

அப்பா வந்து பார்த்தார். நம்ப முடியாமல் போர்வையைத் தானே ஒரு தடவை தூக்கி இறக்கினார்.

"கட்டைவிரல் பருமன் கம்பியையே ஒரு கை பார்த்தவன், போர்வைக்குப் பயப்படுறானா?"

"பயமெல்லாம் இல்லப்பா. அந்தப் பக்கம் தெரிஞ்சா போகணும்னு தோணுது. தெரியலன்னா, அங்க ஒண்ணுமே இல்லன்னு நினைச்சுக்கிறான். நீங்க போட்ட வேலி எல்லாமே ஓட்டை வச்ச வேலி!"

அப்பா தலையைச் சொறிந்தார். மூன்று வேலி போட்டவருக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே!

"அப்போ தகரம் அடிச்சிடலாம்" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. தகரமும் இரும்புதானே!

"முழங்கால் உயரம் போதும்ப்பா. ஆனா மண்ணுக்குள்ள ஒரு அடி இறக்கணும். இல்லன்னா தோண்டிடுவான்."

"முழங்கால் உயரமா? ஊர் சிரிக்கும். பண்றதை ஒழுங்கா பண்ணுவோம்."

சனிக்கிழமை முழுவதும் வேலை நடந்தது. மிளகு பள்ளத்துக்குக் கோடு போட்டாள். அப்பா தோண்டித் தகரத்தை இறக்கினார். மிளகு மண்ணைத் தள்ளி மிதித்தாள். சாயங்காலம் அம்மா வந்து பார்த்தபோது தோட்டத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்குத் தகர மதில் நின்றது, ஓரத்தில் ஒரு கதவோடு.

"ஆமைக்குத்தானே கட்டுனீங்க? ஒட்டகச்சிவிங்கிக்கு இல்லையே?" என்றார் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே டாக்டர் தன் தோட்டத்தில் நாற்காலி போட்டு, குடை பிடித்து, பூசணிக்குக் காவலாக உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே மேனேஜர் வழக்கமான சுற்றைத் தொடங்கினார். மதிலருகே வந்தார். தகரத்தைப் பார்த்தார். திரும்பினார். மிளகு நிம்மதியாக மூச்சு விட்டாள். அடுத்த பக்கம், அதுவும் அப்படியே. மதியம் வெயிலில் காலை நீட்டித் தூங்கினார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

மூன்று மணிக்குக் கேட்டது. டொக்.

மிளகு பதறி ஓடினாள். கதவு! மதிலைப் பார்த்துப் பார்த்துக் கட்டிய அப்பா, கதவுக்கு அடியில் நாலு விரல் இடைவெளி விட்டிருந்தார். அதன் வழியாகப் பூசணிக் கொடியின் ஒரே ஒரு இலை தெரிந்தது. மேனேஜருக்கு அது போதாதா? முதுகைக் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தார். கதவின் கீல் கிரீச்சென்றது.

"அப்பா, கீல் கழலுது!"

"இரு, ஒரு கம்பி..."

"கம்பி வேண்டாம்ப்பா!" மிளகு வீட்டுக்குள் பாய்ந்து பள்ளிப் பையோடு வந்தாள். கதவுக்கும் மேனேஜருக்கும் நடுவே கையை நுழைத்துப் பையை இடைவெளியில் அழுத்தித் திணித்தாள். இலை மறைந்தது.

மேனேஜர் பையை முகர்ந்தார். கணக்குப் புத்தகம் அவருக்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது. திரும்பிப் போய்விட்டார்.

மணி ஆறு அடித்தது. அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "முடிஞ்சுது. தாண்டலை."

மிளகு மேனேஜரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கை முழுவதும் எட்டவில்லை. எட்டிய வரைக்கும் இறுக்கிக்கொண்டாள். அப்பா அன்றைக்கே கதவின் அடியில் ஒரு பட்டையை வைத்துப் பற்றவைத்தார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் டாக்டர் வீட்டுப் பக்கமிருந்து சத்தமே இல்லை. எட்டாம் நாள் மதிலுக்கு அந்தப் பக்கம் ஏதோ குதிக்கும் ஓசை கேட்டது. தகரத்துக்கு மேலே ஒரு கொண்டை தெரிந்து மறைந்தது. மறுபடி தெரிந்து மறைந்தது.

"டாக்டர் ஆன்ட்டி?" என்றாள் மிளகு.

"அது... ஒண்ணுமில்ல கண்ணு." குரல் வழக்கத்தைவிட மெல்லியதாக இருந்தது. "முன்னெல்லாம் கம்பி வழியா அவன் மூஞ்சி தெரியும். திட்டிட்டாவது இருப்பேன். இப்போ உள்ள என்ன பண்றான்னே தெரியல. ஒரே யோசனையா இருக்கு. ஒரு சின்ன ஜன்னல் மாதிரி வைக்க முடியுமா?"

மிளகுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வைக்கலாம் ஆன்ட்டி. ஆனா உங்க கண்ணு உயரத்துலதான்!"

அப்பா அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஓடினார். அன்று மாலையே மதிலில் ஒரு குட்டி ஜன்னல் வந்துவிட்டது.

மறுநாள் காலை மேனேஜர் சுற்றுக்குக் கிளம்பினார். ஜன்னலுக்குக் கீழே வந்ததும் மேலேயிருந்து பூசணித் துண்டு ஒன்று பொத்தென்று விழுந்தது.

"யாருகிட்டயும் சொல்லிடாதே" என்றது ஜன்னல்.