திறக்காத பின்கதவு

"அந்தப் பக்கக் கதவு எப்பவோ போச்சு, இதுவும் திறக்கலைன்னா நான் எப்படிடா சொந்தக்காரங்க கல்யாண வீட்டுக்குப் போறது? இந்த வயசுல முன்சீட்டைத் தாண்டிக் குதிக்கணுமா?"

சினார்குல்லின் மாமியார் பாத்மாகான் முற்றத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். மலையூரான கோச்கோரில் காலை உறைபனி இன்னும் விடவில்லை. மகன் குபாத் காருக்குள் உட்கார்ந்து, பின்கதவின் உள்பலகையைக் கழற்றியிருந்தான். பூட்டை இழுக்கும் கம்பி அசையவில்லை. அவனுடைய தடித்த விரல்கள் அந்த இடுக்கில் நுழையவும் இல்லை.

"சினார்குல்! இங்க வா. உன் கை சின்னது," என்று மனைவியைக் கூப்பிட்டான்.

"ஆமா... அவ கை எதுக்குள்ளயும் போகும்!" என்றாள் மாமியார்.

முன்பெல்லாம் இந்தப் பேச்சுக்கு அழுகை வரும். இப்போது யாரையோ சொல்வதுபோல் காதில் விழுந்து போய்விடுகிறது. சினார்குல் தேநீர்க் கிண்ணத்தை வைத்துவிட்டுக் காருக்குள் ஏறினாள்.

கொழுந்தனுக்குப் பெண் நிச்சயிக்கப் போன அன்று, பெண்ணின் காதில் மாமியார் தன் கையால் போடவேண்டிய வெள்ளிக் கம்மல் காணாமல் போயிற்று. காரில் மாமியார் பக்கத்தில் இருந்தவள் சினார்குல்தான். பெண்வீட்டு வாசலில் குடும்ப மானம் போகக்கூடாதே என்று தன் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். எடுத்தவள்தான் இப்படி ஈடுகட்டுவாள் என்று மாமியார் முடிவுகட்டிவிட்டாள். குபாத் வாயே திறக்கவில்லை. மூன்று குளிர்காலம் போய்விட்டது.

கதவின் இடுக்குக்குள் விட்ட விரல்கள் குளிரில் மரத்திருந்தன. முதலில் ஒரு மிட்டாய் வந்தது, காகிதத்தோடு. பிறகு இன்னொன்று.

"மிட்டாயா? கதவுக்குள்ள எப்படி...?" குபாத் சிரிக்கப் பார்த்தான்.

கம்பியில் ஒரு துணி சுற்றிக்கொண்டிருந்தது. பிரித்து இழுத்தாள். முடிச்சுக்குள் அந்த வெள்ளிக் கம்மல்.

பாத்மாகானின் முகம் வெளுத்தது. அன்று கண்பட்டுவிடும் என்று கம்மலைத் துணியில் முடிந்து, மிட்டாயோடு மடியில் மறைத்து வைத்தவள் அவள். நல்ல காரியத்துக்குப் போகிறோமென்று கார்க் கண்ணாடியை இறக்கி, ஓடிவந்த பிள்ளைகளுக்கு மிட்டாயை அள்ளி அள்ளி வீசியவளும் அவள்தான். ஒரு பிடி, கம்மல் முடிச்சோடு, கண்ணாடி இடுக்கில் விழுந்திருக்கிறது!

"நான்தான்... நானேதான் போட்டிருக்கேன்! அடியே, நீ எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே!"

"பேசினேன் அத்தை. அழுது அழுது பேசினேன்."

குபாத் தலைகுனிந்தான். "சினார்... நான் உன்னை..."

அவள் கம்பியை இழுத்தாள். பூட்டு சடக்கென்று விட்டது. கதவு திறந்துகொண்டது.

மாமியார் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "நீயும் வா, கல்யாணத்துக்கு. இதைப் போட்டுக்கிட்டு என் பக்கத்துல உட்காரு!" கம்மலின் கொக்கியை அவள் காதில் நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. மறுபடியும் அழுத்தினாள்.

"ஓட்டை தூர்ந்துடுச்சு அத்தை... விடுங்க, வலிக்குது."

சொன்ன பிறகுதான், வலிப்பது சினார்குல்லுக்கே தெரிந்தது.