தொப்பூரில் கழற்றிய லைட்

கார் லைட்டுகளிலிருந்து சுவரில் விழுந்த இரண்டு வெளிச்ச வட்டங்களில் இடதுபக்கத்து வட்டம் சுத்தமாக இருந்தது. வலதுபக்கத்து வட்டத்தில் யாரோ நின்றார்கள்.

நூர் பாஷா திரும்பிப் பார்த்தான். காருக்கும் சுவருக்கும் நடுவில் இருபத்தைந்து அடி வெறும் மண்தான் கிடந்தது. அதியமான்கோட்டை ரோட்டோரத்தில் இருந்த அவன் ஒர்க்‌ஷாப்பில், லைட் மாட்டிய எந்த வண்டியையும் அந்த வெள்ளைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, அதில் போட்ட கரிக்கோட்டுக்குக் கீழே வெளிச்சம் விழுகிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவான். மஃரிப் தொழுகை முடிந்து இருட்டிய நேரம், கரண்ட் போயிருந்தது, சூடான கண்ணாடியில் தூசி கருகும் வாடை வந்தது, பின்னாலிருந்த வீட்டுக்குள்ளிருந்து அவன் மனைவி வஹிதாவின் முனகல் விட்டு விட்டுக் கேட்டது.

"ஆச்சுங்களா பாய்?" என்றான் டாக்சி டிரைவர் சவரி. "வலி நெருங்கிடுச்சுன்னு உங்க மாமியார் கத்துறாங்க. ஒத்த லைட்டோட ஆஸ்பத்திரிக்கு எடுக்க முடியாதுங்க."

வஹிதாவுக்கு இது மூன்றாவது பிரசவம். முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டாவதைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்தே நூர் பாஷாவுக்கு மனசு மரத்துப்போயிருந்தது. பயப்பட வேண்டும் என்று தெரிந்தது, பயம்தான் வரவில்லை.

புதிதாக வரும் மாருதி என்றால் பல்பை மட்டும் மாற்றினால் போதும். சவரியுடையது பழைய அம்பாசிடர். கண்ணாடியோடு முழு லைட்டையும் மாற்ற வேண்டும். கடையில் இருந்தது ஒன்றே ஒன்று, போன வாரம் தொப்பூர் கணவாயில் ஒரு பெண்ணை அடித்துக் கொன்ற காரிலிருந்து கழற்றியது. ஆளை அடித்த லைட்டை இன்னொரு வண்டிக்கு யாரும் மாட்ட மாட்டார்கள், லாரி டயருக்கு அடியில் வைத்து நொறுக்கிவிடுவார்கள். கீறல்கூட இல்லையே என்று அவன் எடுத்து வைத்திருந்தான். அதைத்தான் இப்போது வலதுபக்கத்தில் மாட்டியிருந்தான். "கண்ணு கூசி, நெத்தியில கைய வெச்சு மறைச்சுக்கிட்டே நின்னாங்க" என்று அந்தக் காரை ஓட்டியவன் சொன்னது ஞாபகம் வந்தது.

சுவரில் நின்ற நிழலும் நெற்றியில் கை வைத்திருந்தது.

கண்ணாடியைத் துடைத்தான். லைட்டை அணைத்து மறுபடியும் போட்டான். நிழல் பெரிதாகியிருந்தது. விளக்கை நெருங்க நெருங்கத்தான் நிழல் பெரிதாகும். கொதிக்கிற கண்ணாடியில் கையை வைத்தான். சூடு தெரியவில்லை.

மாமியார் ரோஷன் பீ வஹிதாவைத் தாங்கிப் பிடித்து, காருக்கு முன்னால் நடத்திக் கொண்டுவந்தாள்.

இடது வட்டத்தில் இரண்டு நிழல்கள்.

வலது வட்டத்தில் மூன்று.

மூன்றாவது, நெற்றியிலிருந்து கையை எடுத்தது. வஹிதாவின் வயிற்றில் வைத்தது.

"சில்லுனு இருக்கும்மா" என்றாள் வஹிதா. "வயித்து மேல."

"பின்னால ஏத்தியாச்சு. நீங்களும் ஏறுங்க பாய்" என்றான் சவரி.

அந்த லைட்டுக்குப் பின்னால் உட்கார முடியாது என்று நூர் பாஷாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. சொல்லியிருக்கலாம். ஸ்பானரால் ஒரே அடி அடித்து உடைத்திருக்கலாம்.

"நீங்க போங்க. கடையப் பூட்டிட்டு வரேன்."

வஹிதா ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தாள்.

கார் பின்வாங்கித் திரும்பியது. பின்பக்கத்துச் சிவப்பு விளக்கு தர்மபுரி ரோட்டில் சின்னதாகிப் போய் மறைந்தது. சத்தமும் போனது.

கரண்ட் வந்தது. டியூப்லைட் இரண்டு தடவை துடித்து எரிந்தது. வாசலில் யாரும் இல்லை. எதிரே வெள்ளைச் சுவர். கரிக்கோடு.

அதன் கீழே வஹிதாவின் நிழல்.

அதற்கு வயிறு இல்லை. பக்கத்தில் நின்றவளின் கையில் சின்னதாக ஒன்று காலை உதைத்துக்கொண்டிருந்தது.