அறுபத்தொரு நாள் ஓய்வு

வெண்குடாவில் கடல் பச்சையாகிப் பத்து நாள் ஆகியிருந்தது. அண்டார்டிகாவின் ஓரத்தில் பாதி பனியும் பாதி தண்ணீருமாகக் கிடந்த அந்தக் குடாவில் யாரோ கீரையைக் கடைந்து ஊற்றிவிட்டாற்போல் இருந்தது. ஆய்வு நிலையத்தின் பதினான்கு பேரும் வேலையை விட்டுவிட்டுச் சன்னலோரம் நின்றார்கள். சமையலறையில் சேமியா பாயசம் கொதித்தது.

பச்சைக்குக் காரணம் நுண்பாசி. கடலில் கரையும் கரியமிலவாயுவைத் தின்று வளரும். பாசியைக் கூனி இறால் தின்னும். செத்ததும் கழிந்ததும் கடலடிக்கு இறங்கிவிடும். அங்கே போன கரி பல நூறு ஆண்டுகளுக்குத் திரும்பாது. சூடேறிய உலகத்துக்கு இதைவிட நல்ல சேதி வேண்டுமா? ஆனால் துருவக் கடலில் பாசிக்கு எல்லாம் இருந்தும் இரும்பு மட்டும் போதவில்லை. அதைக் கொடுக்கத்தான் இரும்பூட்டி என்ற ஆளுயர நீந்துபொறி. தொட்டியிலிருந்து இரும்புக் கரைசலைத் துளித்துளியாக விட்டுக்கொண்டே குடாவைச் சுற்றும். நாற்பது பொறிகள் மூன்று ஆண்டு சுற்றியும் கடல் சுமாராகத்தான் பச்சையானது. நான்காம் ஆண்டில் கடலடிக்கு இறங்கிய கரி மூன்றரை மடங்கு.

மாலை நான்கு மணிக்கு உலகக் கடல் மன்றம் கூடுகிறது. சரி என்று சொன்னால் துருவக் கரை நெடுக நாலாயிரம் இரும்பூட்டிகள் இறங்கும். மன்றத்துக்குக் காட்ட ஒரு வரைபடம் போடச் சொல்லியிருந்தார் நிலையத் தலைவர் அறவாழி. பொறிகளின் நிரலை எழுதிய தூத்துக்குடிக்காரி ஜெசிந்தா மோத்தா அதற்காகத் தொட்டிகளின் அளவைத் திறந்தாள்.

நாற்பது தொட்டிகளும் நிரம்பி இருந்தன.

கருவி பழுதோ என்று மறுபடி பார்த்தாள். பழுதில்லை. அக்டோபர் பதினைந்திலிருந்து ஒரு சொட்டு இரும்பும் வெளியே போகவில்லை. வாராவாரம் வந்த அறிக்கையில் எல்லாப் பொறியும் 'நலம்' என்றே இருந்தது. சும்மா கிடக்கிற பொறியும் நலமாகத்தானே இருக்கும்.

காரணம் அவளே எழுதிய ஒரு வரி. முதலில் மன்னார் வளைகுடாவில் சோதனை நடந்தபோது, மீன்பிடித் தடைக்காலமான அறுபத்தொரு நாளும் பொறிகள் கடலில் ஓடாதபடி எழுதியிருந்தாள். படகே போகாத நாளில் பொறி மட்டும் போனால் ஊர் சும்மா விடுமா? இந்த ஏப்ரலில் இங்கிருந்த பழைய நிரலை எடுத்துவிட்டு அதே நிரலை ஏற்றியபோது, தென்துருவத்தில் பருவம் தலைகீழ் என்பதால் நாள்காட்டியை ஆறு மாதம் தள்ளிவைத்தாள். தடைக்காலமும் கூடவே தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. நாளை மறுநாள் காலை அது முடிகிறது. பொறிகள் தாமாகவே கிளம்பிவிடும்.

ஓடிப்போய் அறவாழியிடம் சொன்னாள்.

"பொறி ஓடவே இல்லையா? அப்போ இந்தப் பச்சை எப்படி வந்துச்சு?"

"அதான் சார் எனக்கும் விளங்கல. கொஞ்சம் நீர்க்காதைப் போட்டுக் கேப்போம்."

நீர்க்காது என்பது குடாவின் அடியில் கிடக்கும் ஒலிவாங்கி. போன ஆண்டுப் பதிவில் இரும்பூட்டிகளின் ரீங்காரம் தவிர வேறொன்றும் இல்லை. இந்த ஆண்டுப் பதிவில் திமிங்கிலங்கள் பாடிக்கொண்டிருந்தன. எண்ணிப் பார்த்தாள். இருநூறுக்கு மேல்.

"கூனியைத் தின்னுட்டு மேல வந்து கழியுது சார். கூனியில உள்ள இரும்பெல்லாம் அந்த எருவுல திரும்ப பாசிக்கே போவுது. முன்ன நம்ம சத்தத்துக்குப் பயந்து வராம இருந்திருக்கு."

"உறுதியாத் தெரியுமா உனக்கு?"

"ஒரு பொறியை ஓட்டிப் பாப்போமே."

பதினேழாம் எண் பொறியைக் கிளப்பினார்கள். திரையில் திமிங்கிலங்கள் புள்ளிகளாகத் தெரிந்தன. நான்காவது நிமிடத்தில் அருகிலிருந்த புள்ளிகள் திரும்பின. எட்டாவது நிமிடத்தில் குடாவின் வாயை நோக்கி வரிசையாக வெளியேறின. பொறியை நிறுத்திவிட்டு இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை மணி கழித்து ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

"சொல்லாம விட்டா என்ன ஆகும்?" என்றார் அறவாழி. பதினொரு வருட உழைப்பு அந்தக் கேள்வியில் இருந்தது.

"நாலாயிரம் பொறி இறங்கும். எல்லாக் கரையிலயும் திமிங்கிலம் ஓடிரும். கடல் பழையபடி வெளுத்துரும். அப்பவும் நம்ம பேரைத்தான சார் சொல்வாங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீயே பேசிடு. என்னால முடியாது."

நான்கு மணிக்கு ஜெசிந்தா திரைவழியே மன்றத்திடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். திமிங்கிலங்கள் வடக்கே போய்விடும் குளிர்காலத்தில் பொறிகள் இரும்பை ஊட்டலாம். அவை திரும்பிவிட்டால் ஒதுங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

மன்றத் தலைவி கேட்டதை மொழிமாற்றி பாடப்புத்தகத் தமிழில் சொன்னது: "அவ்வாறாயின், தங்களது கண்டுபிடிப்புதான் யாது?"

"அறுபத்தொரு நாள் சும்மா இருக்கது, அம்மா."

மன்றமே எழுந்து நின்று கை தட்டியது. அறவாழி மேசையில் ஓங்கித் தட்டியதில் பாயசக் கிண்ணம் கவிழ்ந்தது. ஜெசிந்தா சிரித்தாள், அன்று முழுக்க அவளால் அந்தச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் தலைவி இன்னும் சில கேள்விகள் கேட்டார். நிலையத்தின் மின்னாக்கி ஒலி எழுப்புமா? பனிவண்டிகள்? விமானம்? கப்பல்? ஜெசிந்தா ஒவ்வொன்றுக்கும் 'ஆமாம்' என்றாள். நான்காவது 'ஆமாம்' சொல்லும்போதுதான் அது எங்கே போய் முடியும் என்று அவளுக்குப் புரிந்தது.

இரண்டே ஆண்டுகளில் நாலாயிரம் பொறிகளும் கரை நெடுக இறங்கின. அக்டோபர் வந்ததும் நாலாயிரமும் ஓய்ந்தன. துருவக் கரை முழுக்கப் பச்சை பிடித்தது. காற்றில் ஏறிக்கொண்டே இருந்த கரி முதன்முறையாக ஏறாமல் நின்றது. ஊர் ஊராகக் கொண்டாடினார்கள். தூத்துக்குடியில் வெடி போட்டார்கள்.

அடுத்த அக்டோபர் பதினான்காம் தேதி வெண்குடாவில் கடைசி விமானம் காத்திருந்தது. மன்றத்தின் உத்தரவுப்படி தடைக்காலம் இப்போது மனிதர்களுக்கும் உண்டு. மின்னாக்கியை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு வந்தார் அறவாழி.

"ஒரே ஒரு வருஷம் ஒளிஞ்சிருந்து பச்சையை மட்டும் பாத்துட்டுப் போயிடலாமா?"

"சத்தம் போடாம இருப்பீங்களா சார்? உங்க குறட்டைக்கே பெங்குவின் எல்லாம் எந்திரிச்சு ஓடுது."

விமானம் எழும்பியது. கீழே எல்லாம் வெள்ளை. கடலைப் பச்சையாக்கியவள் இனி அந்தப் பச்சையைப் படத்தில்தான் பார்க்க வேண்டும். ஜெசிந்தாவுக்கு வருத்தமாகத்தான் இருந்தது; அதைவிடப் பெருமையாக இருந்தது.

குடாவின் வாய்க்கு அப்பால், பனி விளிம்பை ஒட்டித் திமிங்கிலங்களின் மூச்சு வரிசையாகப் பீறிடுவதை அவள்தான் முதலில் பார்த்தாள். ஒன்றும் உள்ளே நுழையவில்லை. அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தன.