நாவலோடையில் சட்டை போட்ட பிணம்

ஓடையில் ஒரு பிணம்.

அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நாவலோடையில் மூன்று வருடமாகப் பிணங்கள்தான்! மீன் பிணம். நண்டுப் பிணம். தவளைப் பிணம்...

ஆனால் இந்தப் பிணம் சட்டை போட்டிருந்தது!

வெள்ளிக்கிழமை. காலை ஆறே கால். ஆரணிக்கு வெளியே, நிலக்கரி கிடங்கின் பின்சுவரை ஒட்டி ஓடை வளையும் இடம். ஆரஞ்சு நிறச் சேற்றில் குப்புறக் கிடந்தவனை ஏட்டு அன்பழகன் மெல்லப் புரட்டினார்.

"அடக் கடவுளே... பூச்சி வாத்தியாரு!"

பார்த்திபன். வயது முப்பத்தொன்று. தனியார் கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். மாதாமாதம் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு ஓடையில் இறங்குவான். கற்களைப் புரட்டுவான். அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிக் குஞ்சுகளை எண்ணுவான். பூச்சி இருந்தால் ஓடை பிழைத்திருக்கிறது. இல்லாவிட்டால் செத்துவிட்டது.

போன மாதம் இந்த வளைவில் அவன் நாற்பது கற்களைப் புரட்டினான். கிடைத்த பூச்சிகள்... பூஜ்யம்!

இன்ஸ்பெக்டர் தேவிப்ரியா குனிந்து பார்த்தாள். பின்மண்டையில் ரத்தம் கட்டிய காயம்.

"வழுக்கி விழுந்திருப்பாரா மேடம்?"

"குப்புற விழுந்தவருக்குப் பின்மண்டையில எப்படிய்யா அடிபடும்?"

"அதானே..." ஏட்டு தலையைச் சொறிந்தார். "எனக்கும் அதே சந்தேகம் வரலாம்னு இருந்துது மேடம்."

கரையில் பார்த்திபனின் பை. அதில் மூன்று காலி பாட்டில்கள். பக்கத்து முள்செடியில் அவனுடைய வெள்ளைத் துண்டு.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவர் ஓடிவந்தார். வெள்ளை வேட்டி, விரல் நகங்களில் போகாத சிவப்புச் சாயம். சாயப்பட்டறை முதலாளி சுப்பராயலு! 'நாவலோடை மீட்புக் குழு'வின் தலைவர். பார்த்திபனை ஓடைக்கு அழைத்து வந்து தண்ணீரைச் சோதிக்கச் சொன்னவரே அவர்தான்.

"டேய் பார்த்திபா! ஞாயித்துக்கெழம பாத்தவன்டா ஒன்ன! அதோட இப்படியா பாக்கணும்?" மார்பில் அடித்துக்கொண்டார். சட்டென்று நிமிர்ந்து, கிடங்குச் சுவரைக் கை காட்டினார்.

"மேடம்! இன்னா வேடிக்க பாத்துகினு இருக்கீங்க? கொலகாரன் உள்ளாரதான் டீ குடிச்சிகினு இருப்பான்! ஜல்தியா புடிங்க!"

உள்ளே இருந்தவர் டீ குடிக்கவில்லை. நடுங்கிக்கொண்டிருந்தார்.

கிடங்கு முதலாளி இராஜமாணிக்கம். தொழிற்சாலைக் கொதிகலன்களுக்கு லாரி லாரியாக நிலக்கரி விற்கிறவர். மலை மலையாகக் குவித்த கரிக்குக் கூரை கிடையாது. மழை பெய்யும். கரியில் ஊறிய நீர் புளித்து, அமிலமாகி, ஓடையில் இறங்கும். இரும்புத் துரு கல்லில் படிந்து ஆரஞ்சாகும். எங்கோ வடக்கே சுரங்கங்களுக்குப் பக்கத்து ஓடைகளுக்கு நேர்கிற கதி, சுரங்கமே இல்லாத ஆரணி ஓடைக்கும் நேர்ந்துவிட்டது!

"மேடம், சத்தியமா நான் இல்ல!" என்றார் இராஜமாணிக்கம். "போன மாசம் 'ஒன் கால ஒடப்பேன்'னு அந்த வாத்தியார மெரட்டுனேன். ஒத்துக்கறேன். ஆனா நான் சொன்னது கால! மண்டையப் பத்தி நான் பேசவே இல்ல!"

"இதையே கோர்ட்லயும் சொல்லுங்க. நல்லா இருக்கும்."

வெளியே கூச்சல் ஏறியது. யாரோ ஒருவன் கையில் பெட்ரோல் கேன்!

தேவிப்ரியாவுக்கு வியர்த்தது. இவரைக் கைது செய்யாவிட்டால் கிடங்கு எரியும். கைது செய்யக் கையில் ஒரு புகாராவது இருக்க வேண்டும். புகார் கொடுக்க அவனுக்கென்று இருந்த ஒரே சொந்தம்...

ஸ்கூட்டியை நிறுத்தக்கூட மறந்து, அப்படியே கீழே தள்ளிவிட்டு ஓடிவந்தாள்.

சுகன்யா. பார்த்திபனின் தங்கை. பட்டுப்புடவைக் கரைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். அம்மா அப்பா போனபின் அந்த வீட்டில் அண்ணனும் தங்கையும்தான். ஒரு டிவி, ஒரு ரிமோட், ஓயாத சண்டை.

அவள் அலறவில்லை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தப்பான ஓட்டையில் மாட்டியிருந்த சட்டைப் பொத்தானைக் கழற்றிச் சரியாக மாட்டினாள். அவன் தினமும் அப்படித்தான் போடுவான். தினமும் அவள்தான் மாற்றுவாள்.

சுப்பராயலு ஒரு வெள்ளைத் தாளோடு வந்து குனிந்தார்.

"கண்ணு... மாமா எல்லாம் எழுதிட்டேன். அந்தக் கரி டிப்போக்காரன் மேல புகாரு. நீ ஒரு கையெழுத்து போட்டுடு. ஒங்கண்ணன் ஆத்மா சாந்தி அடையும்."

சுகன்யா பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போட்டால் இராஜமாணிக்கம் உள்ளே. அவரைப் பிடிக்காதவர்கள் பட்டியலில் அவளும் உண்டு. அண்ணனை மிரட்டியவர்தானே?

'சு' எழுதினாள்.

நிமிர்ந்தாள்.

முள்செடி. துண்டு!

பேனா நின்றது.

"இன்னா கண்ணு?"

"கண்ணு கலங்குது மாமா. எழுத்து தெரியல. ரெண்டு நிமிஷம்..."

எழுந்தாள். நேரே இன்ஸ்பெக்டரிடம் போனாள்.

"மேடம், அந்தத் துண்ட யாராவது தொட்டீங்களா?"

"இல்லையே. ஏன்மா?"

"அத அங்க வச்சது எங்கண்ணன் இல்ல."

"எப்படிச் சொல்ற?"

"எங்கண்ணன் துண்ட எப்படிப் பிழிவான் தெரியுமா? சப்பாத்தி மாவு பெசையற மாதிரி. பிழிஞ்சா பாதித் தண்ணி அவன் சட்டையிலதான் இருக்கும். அப்படியே உருட்டித் தோள்ல போட்டுக்குவான். இது பாருங்க!"

தேவிப்ரியா பார்த்தாள்.

துண்டு விரித்துக் காயப் போடப்படவில்லை. கயிறுபோல் இறுக முறுக்கி, இரண்டாக மடித்து, தன்னோடு தானே பின்னிக்கொள்ள விட்டு, வால் நுனியை வளையத்துக்குள் செருகி...

"ஜடை போட்ட மாதிரி இருக்கே!"

"பட்டு நூல் சிட்டம் மேடம், நூல் கத்தை! ஈர நூலப் பிழிஞ்சதும் இப்படி முறுக்கிச் செருகினாதான் சிக்கு விழாது. எங்க ஊர்ல சாயம் போடறவங்க கை தானா செய்யும். தூக்கத்துல குடுத்தாக்கூட செய்யும். யோசிச்சா செய்ய மாட்டாங்க... யோசிக்காததாலதான் செஞ்சிருக்காங்க!"

ஏட்டு கிடங்குச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ கரி டிப்போ ஆளு..."

"அவருக்கு லாரிக்குத் தார்ப்பாய் கட்டத்தான் தெரியும்."

"அதையும் கட்டறதில்லையே" என்றார் ஏட்டு.

சுகன்யா அண்ணனின் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். உள்ளே மஞ்சள் காகிதக் கீற்றுகள். "புளிப்புத் தண்ணி பட்டா இது செவப்பாகும். சோடா கலந்த தண்ணி பட்டா நீலம்."

ஒரு கீற்றை ஓடையில் நனைத்தாள்.

சிவப்பு! மிளகாய்ச் சிவப்பு!

இன்னொரு கீற்றைத் துண்டின் முறுக்குக்குள், இன்னும் ஈரம் காயாத மடிப்பில் செருகி எடுத்தாள்.

நீலம்!!

"இந்தத் துண்டு ஓடையில நனையவே இல்ல மேடம்." சுகன்யாவின் குரல் முதல்முறையாக உடைந்தது. "பட்டு நூல்ல பசை போகணும்னா சோப்பும் சோடாவும் போட்டு வேகவைப்பாங்க. அந்தத் தண்ணி. ஒரு பட்டறைத் தொட்டி. எங்கண்ணன் செத்தது அங்க..."

"ஆரணியில எத்தன பட்டறை இருக்கு?"

"நெறைய."

"கிழிஞ்சுது!" என்றார் ஏட்டு. "ஒவ்வொரு தொட்டியா எறங்குனா நானே வெளுத்துடுவேன் மேடம்."

சுகன்யா செல்போனை எடுத்தாள். அண்ணன் எழுதிய அறிக்கை அதில் இருந்தது. அவன் எழுதியதைப் படிக்க ஆரம்பித்தாலே அவளுக்குக் கொட்டாவி வரும். 'ஒரு தடவையாவது படியேன்டி' என்பான். 'நீ செத்தப்புறம் படிக்கிறேன்' என்பாள்.

இப்போது படித்தாள்.

முதல் பக்கம், கிடங்கு. இரண்டாம் பக்கம், கிடங்கு. மூன்றாம் பக்கம்...

கிடங்குக்கு மேலே, ஓடை வரும் திசையில் முந்நூறு மீட்டர் தூரத்தில் ஒரு குழாய். புதருக்குள் மறைத்தது. சோடாவும் சாயமும் கலந்த கழிவு. கரி நீர் வந்து சேரும் முன்பே அங்கே பாதிப் பூச்சிகள் செத்துவிட்டன! கீழே போகப்போகக் கரியின் புளிப்பு சோடாவை அடித்துவிடுகிறது. ஆரஞ்சுச் சேறு சாயத்தை மூடிவிடுகிறது. ஒரு குற்றத்தை இன்னொரு குற்றம் கழுவிவிடுகிறது.

குழாயின் மறுமுனை எங்கே போகிறது என்றும் எழுதியிருந்தது.

சுகன்யா போனை அப்படியே தேவிப்ரியாவிடம் நீட்டினாள்.

இன்ஸ்பெக்டர் மூன்று வரி படித்தாள். ஏட்டின் காதில் ஏதோ சொன்னாள். அன்பழகன் இரண்டு கான்ஸ்டபிள்களோடு மறைந்தார்.

சுகன்யா சுப்பராயலுவிடம் திரும்பி வந்தாள்.

"கையெழுத்து போடறேன் மாமா."

"நல்ல புள்ள!"

"அதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்தத் துண்டு சிட்டம் மாதிரி முறுக்கி இருக்குது. அதுல சோடா வேற இருக்குது. மேடம் கேக்கறாங்க."

சுப்பராயலுவின் கண் ஒரே ஒரு நொடி முள்செடிக்குப் போய்த் திரும்பியது.

"சோடாவா? அதுக்கு? இந்த ஊர்ல நூறு பேரு அப்படித்தான் முறுக்குவான். வூட்டுல அந்தத் தண்ணியிலயே தொவைப்பான். நீ பேஜார் பண்ணாத, கையெழுத்த போடு."

"சரி மாமா. ஒண்ணே ஒண்ணு... அண்ணனோட ரிப்போர்ட்."

"அது கெடக்குது வுடு. அவனே பூட்டான்... ரிப்போர்ட் இன்னாத்துக்கு?"

"இல்ல மாமா. அது போயிட்டுது."

"எங்க?"

"மாசுக் கட்டுப்பாடு ஆபீசுக்கு. கலெக்டர் ஆபீசுக்கும். நான்தான் மெயில் அனுப்புனேன். செவ்வாய்க்கெழமையே."

சுப்பராயலுவின் முகத்தில் இருந்த அத்தனை சாயமும் ஒரே முக்கில் வெளுத்தது.

"செவ்வாக்கெழமையேவா...?"

"ஆமா."

"அப்போ நேத்து எங்கிட்ட வந்து 'எழுதிட்டேன் மாமா'ன்னு சொன்னப்பவே அது..."

நிறுத்தினார்.

தாமதம்!

"நேத்தா?" தேவிப்ரியா பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டாள். "ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் பாக்கலைன்னு இப்பதானே மாரடிச்சீங்க?"

பெட்ரோல் கேன்காரன் கேனைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

தேவிப்ரியாவின் செல்போன் அலறியது. மறுமுனையில் ஏட்டு.

"மேடம்! பட்டறைக்குப் பின்னாடி பைப்பு கெடச்சிடுச்சி! நூல் வேகவைக்கிற தொட்டியில ஒரு ஆம்பளச் செருப்பு, ஒத்தை! இன்னொண்ணு வாத்தியாரு கால்ல இருக்குதா பாருங்க!"

இருந்தது.

சுப்பராயலு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் அவன கொல்லணும்னு கூப்புடல மேடம். அவனாதான் வந்தான். சாயந்தரம். 'மாமா, ஒங்க பைப்பையும் எழுதிட்டேன். வேற யாராவது சொல்லித் தெரியறதுக்கு முன்ன நானே சொல்லணும்னு வந்தேன்'னான். சிரிச்சிகினே சொல்றான் மேடம்! மீட்புக் குழுத் தலைவனே கழிவு வுடறான்னு தெரிஞ்சா ஊர்ல நான் எப்படித் தல காட்டறது? 'கிழிச்சிப் போட்ரா'ன்னேன். 'அது வந்து மாமா...'ன்னு ஏதோ சொல்ல வந்தான். நான் கேக்கல. புடிச்சித் தள்ளிட்டேன். மண்ட தொட்டி வெளிம்புல அடிச்சி, உள்ள வுழுந்துட்டான்..."

"தூக்கி விட்டிருக்கலாமே?"

சுப்பராயலு முள்செடியைக் கை காட்டினார். "ராத்திரி இங்க கொண்டாந்து போட்டுட்டு, சொட்டிகினு இருந்த துண்ட பிழிஞ்சி அதுல வச்சேன்..."

"எட்டு வயசுலருந்து ஒங்கள மாமான்னு கூப்புட்டவன்." சுகன்யாவின் கண்ணில் இப்போதுதான் நீர் இறங்கியது. "முழுசா ஒரு வார்த்த சொல்ல வுட்டிருந்தா போதும் மாமா. 'அனுப்பிட்டேன்'னு சொல்லியிருப்பான். அதுக்கப்புறம் அவன கொல்றதுக்குக் காரணமே இல்ல!"

பாதி எழுதிய கையெழுத்தோடு அந்தத் தாளைக் கிழித்து, தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். ஓடையில் போடவில்லை.

கையில் விலங்கோடு சுப்பராயலு ஜீப்பில் ஏறினார்.

கிடங்கு கேட் திறந்தது. இராஜமாணிக்கம் வேட்டியைத் தட்டிக்கொண்டு, மலர்ந்த முகத்தோடு வெளியே வந்தார். நேரே சுகன்யாவிடம் போய்க் கும்பிட்டார்.

"தெய்வம்மா நீ! என் உசுர காப்பாத்திட்ட! ஒங்கண்ணன் எவ்ளோ நல்லவன்! அவன் ரிப்போர்ட்ல மூணாம் பக்கத்த பிரேம் போட்டு டிப்போவுல மாட்டப் போறேன்!"

"மாட்டுங்க" என்றாள் சுகன்யா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மொதல் ரெண்டு பக்கத்தையும் சேத்து மாட்டுங்க. அது முழுக்க நீங்கதான்."

"அ... அது தண்ணி மேட்டரு. கொல மேட்டரு இல்லையே!"

"அதுலயும் கொலைதான்." தேவிப்ரியா போனைப் பார்த்துப் படித்தாள். "மீனு, நண்டு, தவளை, தட்டான் குஞ்சு... பேரோட, தேதியோட, எண்ணிக்கையோட எழுதி வச்சிருக்காரு. பொதுத் தண்ணியக் கெடுத்ததுக்கும் சட்டம் இருக்கு சார். வண்டியில ஏறுங்க."

இராஜமாணிக்கத்தின் மலர்ந்த முகம் அவர் விற்கும் சரக்கின் நிறத்துக்குப் போனது.

திரும்பி வந்திருந்த ஏட்டு அன்பழகன் ஜீப்பின் உள்ளே எட்டிப் பார்த்தார். சுப்பராயலுவைப் பார்த்தார். இராஜமாணிக்கத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"என்னய்யா? இடம் இல்லையா?" என்றாள் தேவிப்ரியா.

"இடமெல்லாம் தாராளமா இருக்கு மேடம்... ஆனா கரிக்காரரையும் சாயக்காரரையும் ஒண்ணா உக்கார வச்சா, நேத்துதான் மாத்துன சீட் கவரு, ஸ்டேஷன் போய்ச் சேரறப்ப இன்னா கலர்ல இருக்குமோன்னு நெனச்சேன்!"