பழைய நகல்

மதியம் அவள் தேர்வு அட்டவணையைப் பள்ளியின் இணையதளத்தில் ஏற்றியிருந்தாள். வழக்கமாக இந்நேரத்துக்குள் பத்துப் பேராவது ‘அட்டவணை தெரியலையே’ என்று போன் போட்டு உயிரை வாங்கியிருப்பார்கள். இன்று போன் வாயே திறக்கவில்லை. பிள்ளைகள் போன சத்தமெல்லாம் வராந்தாவில் வடிந்து, ஈரத் துடைப்பத்தின் வாடையும் நாள் முழுக்கச் சூடேறிய கணினியின் வாடையும் மட்டும் அந்தச் சின்ன அறையில் மிச்சமிருந்தன.

கடைசியில் ஒரே ஓர் அழைப்பு. பக்கத்து அறை நூலகர்.

“அட்டவணை வந்துடுச்சு மேடம். ஆனா ஊழியர் பக்கத்துல உங்க பேருக்கு மேல வேற யாரோ ஒரு அம்மா படம் இருக்கே?”

அவள் தன் திரையைப் பார்த்தாள். அவள் படம்தான் இருந்தது, ஒரு பக்கம் சாய்ந்த மூக்குக்கண்ணாடியோடு.

“கேஷை அழிச்சிட்டுப் பாருங்க சார்.”

தூக்கத்தில் எழுப்பினாலும் அவள் வாயில் இதுதான் வரும். பிரவுசர் தான் பார்த்த பக்கத்தை நகலெடுத்து வைத்துக்கொள்ளும். பக்கம் மாறினாலும் சோம்பேறித்தனமாகப் பழசையே எடுத்து நீட்டும். ‘கேஷ்’ என்கிற அந்தச் சேமிப்பை அழித்தால்தான் புதுசு வரும். ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்வதற்குள் தொண்டைத் தண்ணி வற்றிவிடுகிறதென்று இன்று எல்லோருக்கும் ஒரே செய்தியாக அனுப்பிவிட்டாள். ஆசிரியர்கள், பெற்றோர்கள், ஒருத்தரையும் விடவில்லை.

“அழிச்ச பிறகுதான் இந்தப் படமே வந்துச்சு,” என்றார் நூலகர். “ஆமா, யாரு பேசறது?”

கிண்டலுக்கும் ஓர் அளவில்லையா? விறுவிறுவென்று நூலகத்துக்குப் போனாள். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

“என்ன சார், விளையாடுறீங்களா?”

“சொல்லுங்கம்மா, யாரைப் பார்க்கணும்?” மரியாதையாகத்தான் கேட்டார். முன்பின் தெரியாதவர்களிடம் காட்டும் மரியாதை. அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர் பார்வை அவளைத் தாண்டி அலமாரிக்குப் போனது. விளக்கை அணைத்தார். உள்ளே அவள் நிற்கிறாள் என்ற நினைப்பே இல்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

அவர் அணைக்க மறந்த கணினித் திரை மட்டும் இருட்டில் வெளிறிக் கிடந்தது. அவள் பெயர். அவளுடைய நீலச் சேலை. அதே பக்கம் சாய்ந்த கண்ணாடி. முகம் மட்டும் வேறு யாருடையதோ.

பள்ளி வாசலில் வாட்ச்மேன், “என்ன மேடம், இன்னும் கிளம்பலையா?” என்றார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“நான் அனுப்பின செய்தியைப் பார்த்தீங்களா?”

“நமக்கு எதுக்கு மேடம் அதெல்லாம்? என்னோடது பட்டன் போன்.”

அப்போதுதான் விளங்கியது. அழிக்காதவர்களுக்கு அவள் இருக்கிறாள். அழித்தவர்களுக்கு இல்லை. ஊரையே கூப்பிட்டு அழிக்கச் சொன்னது அவளேதான். பயம் வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. எவள் அவள், என் சேலையைக் கட்டிக்கொண்டு என் பேருக்கு மேலே பல்லைக் காட்டிக்கொண்டு? “வரட்டும், ஒரு கை பார்த்துடறேன்,” என்று வாய்விட்டே சொன்னாள்.

சொன்ன வாயோடு நினைவுக்கு வந்தது. பெற்றோர் பட்டியலில் அவள் கணவன் இருந்தான். சிட்டு இதே பள்ளியில்தான் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

கணவன் போனை எடுக்கவில்லை. வீட்டு மாடிப்படியில், அதே பள்ளியில் பையனைச் சேர்த்திருந்த எதிர்வீட்டு அக்கா அவள் தோளில் இடித்தும் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள். வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே வெங்காயம் வதங்கும் மணம். அடுப்பு பற்றவைக்க வீட்டில் அவளை விட்டால் ஆளில்லை.

கணவன் எழுந்து வந்தான். அவளுக்குப் பக்கத்தில் கையை நீட்டிக் கதவைச் சாத்தினான். “காத்துல திறந்துக்குது,” என்று முனகிக்கொண்டே திரும்பினான்.

“அம்மா!” சாப்பாட்டு மேசையிலிருந்து சிட்டு கத்தினாள். “செருப்போட உள்ள வந்துட்டியே!”

என் தங்கமே. அவள் ஓடிப்போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

“யார்கிட்டடி பேசற?” என்றான் கணவன்.

“அம்மாகிட்ட.”

“அம்மா அடுப்படியில இருக்கா.”

அடுப்படியில் யாரோ இருமினார்கள். அவளுடைய இருமல்.

“ஓ, உன் டேப்ல இன்னும் அழிக்கலையா? அதான் பழசு தெரியுது.” அவன் குனிந்து டேப்பை மகள் முன்னால் தள்ளி வைத்தான். அவள் நாற்காலியிலிருந்தே எட்டி அவன் கையைப் பிடித்தாள். நகம் பதியக் கிள்ளினாள். அவன் கொசு கடித்த மாதிரி தேய்த்துவிட்டுக்கொண்டான். டேப்பைப் பிடுங்கப் பார்த்தாள். விரல்கள் அதன் கண்ணாடித் திரையில் வழுக்கின. பிடி கிடைக்கவில்லை.

“சிட்டு, அதைத் தொடாதடி. அம்மா சொல்றேன்ல?”

சிட்டு விழித்தாள். உதடு பிதுங்கியது. “ரெண்டு அம்மா இருக்காங்கப்பா.”

அடுப்படி வாசலில் நீலச் சேலை. அந்த முகம் கனிவாகச் சிரித்தது. அவளுடைய குரலிலேயே பேசியது.

“அழிச்சிட்டுப் பாருடா செல்லம்.”

பிள்ளை பழகிய குரலுக்குக் கீழ்ப்படிந்தது. விரல் இறங்கியது.

சிட்டு நிமிர்ந்தாள். பார்வை அவளுக்குள் நுழைந்து பின்சுவருக்குப் போனது. “போயிடுச்சுப்பா.”

“போகலடி! இங்கதான் இருக்கேன்!” நாற்காலியின் இரு விளிம்பையும் பிடித்துக்கொண்டாள். எழுந்திருக்க மாட்டாள். யார் வந்தாலும் சரி. இது என் வீடு. இது என் பிள்ளை. எவளாவது கிளப்பிப் பார்க்கட்டும்.

நீலச் சேலை கையைத் துடைத்தபடி வந்தது. அந்த வீட்டில் அது ஒன்றுதான் அவளை நேருக்கு நேர் பார்த்தது. பிறகு முதுகைக் காட்டித் திரும்பி, அதே நாற்காலியில் உட்கார்ந்தது.

மடியில் பாரம் இறங்கியது. ஈரமாக. தொடைக்குள். வயிற்றுக்குள்.

அவள் எழுந்திருக்கவில்லை.

அவள் கைகளுக்குள், சட்டைக்குள் கை நுழைப்பதைப் போல, வேறு இரண்டு கைகள் ஒவ்வொரு விரலாக நுழைந்துகொண்டு, மெல்ல நீண்டு, சிட்டுவின் தலையைக் கோதத் தொடங்கின.